சாம்பலில் படுத்தவள்

காலையில் மனைவியின் தலையணை உறையில் ஒரு சாம்பல் தடம் இருந்தது. ஒழுங்காகத் தலைகுளிக்கக்கூடத் தெரியாதவள் என்று நினைத்தபடி புகைப்படக்காரர் அதைக் கழற்றித் துவைக்கப் போட்டார். மறுநாள் புது உறையிலும் அதே தடம். எரிந்த காட்டில் அவளைப் படம் எடுத்துத் திரும்பி வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

எரிந்த மலையை எல்லோருந்தான் படம் எடுக்கிறார்கள். கரிக்கட்டை, செத்த மான், அழுகிற கிழவர். அந்தப் பிழைப்பு அவருக்குக் கேவலம். அவர் எடுப்பது புராணம். சாம்பல் மேட்டில் சிவப்புத் துணி சுற்றிக் கிடக்கும் பெண், தீயைப் பெற்றெடுக்கும் தாய். பேசி வைத்திருந்த மாடல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டதால் மனைவியைப் படுக்க வைத்தார். பல் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவள். அவளுக்கும் கலைக்கும் ஏழாம் பொருத்தம். சொன்னதைச் செய்வாள், அது போதும்.

அன்று வனக்காவலர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"அந்த எடம் வேணாம் சார். தீயணைக்கப் போன எங்க ஆளுங்க அங்கதான் மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தரும் திரும்பல."

"நல்லதாப் போச்சு. படத்துக்கு ஒரு கனம் வரும்."

காவலர் விழித்த விழியைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. குறியீடு என்றால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற ஜென்மங்கள்.

இப்போது வீட்டில் புகை நாற்றம். ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும், நனைந்த விறகு பாதியில் அணைந்ததுபோல ஒரு கசப்பு திரைச்சீலையிலும் துண்டிலும் குடிக்கிற தண்ணீரிலும் ஏறியிருந்தது. அதற்கடியில், காய்ந்த சருகை யாரோ நிதானமாக மிதித்துப் போவதுபோல ஒரு சத்தம். சுவரில் காதை வைத்துப் பார்த்தார். சுவரில் இல்லை. கட்டிலில், அவள் பக்கத்திலிருந்து வந்தது.

"தொண்டை சரியில்லன்னா டாக்டரப் பாரேன்."

"தொண்டை இல்லீங்க. உள்ள யாரோ கூப்பிடுறாங்க."

"பரவாயில்லையே. உனக்குக்கூடக் கற்பனை வருது."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் கூடத்தில் படுத்தார். இடுப்பு வலி என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார்.

கண்காட்சி தொடங்கிய மாலை அரங்கு நிறைந்திருந்தது. கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, புரிந்ததுபோல் தலையாட்டும் கூட்டம். நாலு வார்த்தை கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கும். "ஆதித் தாய்," என்று அவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொன்னார் ஒரு விமர்சகர். புகைப்படக்காரர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார்.

அப்போது கூட்டம் விலகியது. யாரும் விலகச் சொல்லவில்லை. "ஏசி ஓடலையா?" என்று ஒருவர் சட்டைக் காலரைத் தளர்த்தினார். மனைவி நடந்து வந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற அதே உடுப்பு. அவள் கடந்த இடங்களில் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவமானம் பொறுக்காமல் அவள் முழங்கையைப் பிடித்தார். அவர் கை தானாக விலகியது. விரல் நுனிகள் வெந்திருந்தன.

"வீட்டுக்குப் போ," என்றார். குரல் அவருடையதாக இல்லை.

அவள் மூடிய வாயோடு தலையை அசைத்தாள். கண்ணில் நீர் நின்றது. வழியவில்லை. கன்னத்தைத் தொடுமுன் காய்ந்தது.

"என்ன வேணும் உனக்கு?"

அவள் உதடுகள் பிரிந்தன.

"வழி விடுங்க. அவங்களால இனிமே தாங்க முடியலையாம்."

பிறகு வாயை முழுசாகத் திறந்தாள்.

பல் இல்லை. நாக்கு இல்லை. மரங்கள் இருந்தன. வரிசை வரிசையாக, எரிந்துகொண்டு, பார்வை எட்டாத ஆழம் வரைக்கும். முகத்தில் காற்று அடித்தது. அந்தச் சிவப்புக்குள், வெகுதொலைவில், சின்னச் சின்னக் கறுப்பு உருவங்கள்.

ஆட்கள்.

ஓடிவந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவன் நின்றான். கையை நெற்றிக்குக் கொடுத்து வெளியே பார்த்தான். அவரைப் பார்த்துவிட்டான். திரும்பி, பின்னால் வந்தவர்களுக்கு அவரைச் சுட்டிக்காட்டினான்.