மாமா கேட்காத வரி

அன்று யசிந்தாவுக்கு ஒரு பக்கப் பின்னல்தான் முடிந்திருந்தது.

பின்னிக்கொண்டிருந்தவர் அடுத்த வீட்டுக் கத்தரீனா மாமி. பள்ளிக்கூடம் போகுமுன் யசிந்தாவின் தலையை இழுத்துப் பிடித்துப் பின்னிவிடுவது அவர்தான். பின்னும்போது ஒரு பாட்டும் பாடுவார். அன்றும் பாடினார். பாட்டு முடிகிற நேரம், சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் யாரோ சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

1991ஆம் ஆண்டு அது, போர் நடந்த காலம். கொழும்புத்துறையில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லையென்றால் இரவில் விளக்கும் இல்லை.

மாமி சீப்பை யசிந்தாவின் தலைமயிரிலேயே செருகிவிட்டு எழுந்தார்.

“பொறு பிள்ளை. போத்திலைக் கொண்டுபோய் வாங்கிக்கொண்டு ஓடி வாறன். வந்து மற்றப் பக்கம் பின்னிவிடுறன்.”

“பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுது மாமி!”

“ஒரு பக்கப் பின்னலோடை போனாலும் நீ வடிவுதான்!”

சிரித்துக்கொண்டே மாமி வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ‘டும்’ என்று ஒரு சத்தம். பிறகு தலைக்கு மேலே யாரோ விசிலடிப்பதுபோல ஒன்று. அம்மா சிசிலியா யசிந்தாவை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் குதித்தார். நிலம் ஒருமுறை குலுங்கியது. அவ்வளவுதான். ஒரே ஒரு ஷெல்.

அந்த ஒன்று சங்கக்கடைக்குப் போகும் தெருவில் விழுந்திருந்தது.

“கத்தரீனா போயிட்டாவாம்...” என்று வேலிக்கு அப்பால் யாரோ சொல்வது கேட்டது.

“எங்கை போனவ? இப்ப வந்திடுவா. மாமியின்ரை சீப்பு என்னட்டைத்தான் இருக்குது” என்றாள் யசிந்தா.

அம்மா அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். அப்போதுதான் யசிந்தாவுக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் நம்ப முடியவில்லை. இப்போது சிரித்துக்கொண்டு போனவர் எப்படி இல்லாமல் போவார்? அன்று முழுவதும் அந்த ஒற்றைப் பின்னலை அவிழ்க்க அவள் யாரையும் விடவில்லை.

மாமியின் கணவர் கிறகோரி மாமாவும் நம்பவில்லை போலத்தான் இருந்தது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவும் யசிந்தாவின் அப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஊரே கேட்கச் சிரிக்கும் மனிதர் மாமா. செத்தவீட்டில் அவர் அழவில்லை. மாதா கோயிலிலும் அழவில்லை. “அழுங்கோ அண்ணை, அழுதால்தான் பாரம் குறையும்” என்று ஆட்கள் சொன்னபோது, வேறு ஏதோ பாஷையில் கதைக்கிறார்கள் என்பதுபோல அவர்களைப் பார்த்தார்.

அதன் பிறகு கதைப்பதையே விட்டுவிட்டார்.

மாமி சமைத்த குசினியின் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். கையில் தேத்தண்ணி கொடுத்தால் வாங்குவார். அது ஆறிப்போகும்வரை பிடித்துக்கொண்டே இருப்பார். மத்தியானமானால் எழுந்துபோய்ப் படலையைத் திறப்பார். ஒழுங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். பிறகு மூடிவிட்டு வந்து பழையபடி இருப்பார்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் யசிந்தாவும் வேலிக்கு மேலாக ஒழுங்கையை எட்டிப் பார்ப்பாள்.

கடற்கரையில் வள்ளம் சும்மா கிடந்தது. அப்பா வேறு ஆட்களோடு கடலுக்குப் போய் வந்தார்.

ஒழுங்கையில் இருந்த எல்லோரும் ஒன்றாக ஒரு முடிவு எடுத்தார்கள். மாமியின் பாட்டை யாரும் பாடக் கூடாது!

அந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றைத் தூது விடும் பாட்டு அது. சின்ன வயதில் கோயில் வளவில் பார்த்த ஒரு கூத்தில் மாமி அதைக் கேட்டிருந்தார். அன்று தொடக்கம் அரிசி கழுவினாலும் அதே பாட்டு, முற்றம் கூட்டினாலும் அதே பாட்டு.

*சோளகக் காற்றே, சோளகக் காற்றே, கொஞ்சம் நின்று கேளாய்,*
*தோணியேறிப் போனவரைத் தேடிச் சென்று பாராய்...*

இதுவரை நன்றாக இருக்கும். மூன்றாவது வரியில் ராகம் மேலே ஏறும். மாமியின் குரல் கூடவே ஏறப் பார்த்து, பாதியில் வழுக்கி, முட்டையிட்ட கோழி மாதிரிக் கத்தும். உடனே வீட்டுக்குள்ளிருந்து மாமா சத்தம் போடுவார்: “ஐயோ கத்தரீனா, நிப்பாட்டு! கடலிலை இருக்கிற மீனெல்லாம் ஓடப்போகுது!” மாமி சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார்.

இப்போது யசிந்தா தன்னை அறியாமல் அதை முணுமுணுத்தாலும் அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தினார்.

“மாமாவுக்குக் கேக்கப்போகுது! பாவம், அந்த மனுசன் தாங்காது.”

ஒருநாள் காலை பேக்கரியிலிருந்து பாண்காரர் சைக்கிளில் வந்தார். அவருக்கு இந்த முடிவு தெரியாது. மாமியிடம் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு அவர் வாயிலும் ஒட்டியிருந்தது. முதல் வரியை விசிலடித்தார். இரண்டாவது வரியையும் அடித்தார்.

நாலு படலைகள் திறந்தன. நாலு பெண்கள் தலையை நீட்டி, “உஸ்ஸ்ஸ்!” என்று கையைக் கீழே காட்டினார்கள்.

பாண்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தார். பாண் எல்லாம் தெருவில் உருண்டது.

“எங்கை? எங்கை பொம்மர்?” என்று தலையைப் பொத்திக்கொண்டு, வானத்தில் குண்டுவீச்சு விமானத்தைத் தேடியபடி கேட்டார்.

“பொம்மர் இல்லையண்ணை, பாட்டு!” என்றார் அம்மா.

“பாட்டுக்கோ நான் வாய்க்காலுக்குள்ளை பாய்ஞ்சனான்?”

எல்லோரும் பாணைப் பொறுக்கி மண் தட்டினார்கள். யசிந்தா மட்டும் பாணைப் பார்க்கவில்லை. அவள் வேலிக்கு மேலாக மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா படியிலிருந்து எழுந்து நின்றார். விசில் வந்த பக்கம் ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு, வேலிவரை நடந்தும் வந்துவிட்டார். விசில் திரும்பவும் வருமா என்று காத்து நின்றார். வரவில்லை. அவருடைய முகம் அப்படியே விழுந்துபோனது. திரும்பிப் போய்ப் படியில் இருந்துவிட்டார்.

“அம்மா, மாமாவுக்குப் பாட்டு விருப்பம். நான் பார்த்தனான்” என்றாள் யசிந்தா.

“உனக்குத் தெரியாது பிள்ளை. கேட்டால் அவர் உடைஞ்சுபோவார்.”

“நீங்கள் அவரைக் கேட்டனீங்களோ?”

“உதெல்லாம் கேக்கிற விஷயமோ?”

யசிந்தாவுக்கு விளங்கவில்லை. கேட்காமல் எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மாமாவுக்கு அம்மா வைத்திருந்த புட்டுத் தட்டை அவளே எடுத்துக்கொண்டு போனாள். மாமாவுக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாமா, ஒண்டு கேக்கட்டோ?”

மாமா படலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமியின்ரை பாட்டைப் பாடினால் உங்களுக்கு நோகுமோ? நோகுமெண்டால் பாடமாட்டன்.”

மாமா மெல்லத் திரும்பினார். வாய் திறந்தது. துருப்பிடித்த படலை திறப்பதுபோல ஒரு குரல் வந்தது.

“ஒருத்தரும் பாடுறேல்லை.”

யசிந்தா திடுக்கிட்டுப்போனாள்.

“ஏன் பிள்ளை ஒருத்தரும் பாடுறேல்லை? நேற்றுவரைக்கும் ஊர் முழுக்கக் கேட்ட பாட்டு. அவ போனதோடை அதுவும் போச்சுதோ? எல்லாரும் இவ்வளவு கெதியா மறந்துபோட்டியளோ?”

“இல்லை மாமா! மறக்கேல்லை! உங்களுக்குக் கேக்கக் கூடாதெண்டு அம்மாவும் ஆக்களும் எல்லாரும் சேர்ந்து...” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “எல்லாரும் உங்களிலை இரக்கப்பட்டுத்தான்...”

மாமா கையிலிருந்த, ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு ரெண்டு வரிதான் ஞாபகம் வருகுது. ராவும் பகலும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறன். மூண்டாவது வரி வரேக்கை நான்தானே கத்தி நிப்பாட்டிப்போடுவன்? அவ்வளவு காலம் கேட்ட பாட்டு, முழுசாத் தெரியாது பார்.”

“எனக்குத் தெரியும் மாமா. பாடட்டோ?”

“பாடு.”

யசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினாள். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் ராகம் அழகாக மேலே ஏறியது.

*ஆக்கிவைத்த சோறும் கறியும் ஆறுதென்று சொல்வாய்...*

“உப்பிடி இல்லை” என்றார் மாமா.

“இதுதான் மாமா சரியான ராகம்.”

“சரியான ராகம் ஆருக்கு வேணும்? அவ பிழையாத்தான் பாடுறவ. அவ பாடுறமாதிரிப் பாடு.”

யசிந்தா மூச்சை இழுத்து, குரலை மேலே ஏற்றி, பாதியில் வழுக்கவிட்டுக் கோழி மாதிரி ஒரு கத்துக் கத்தினாள். முருங்கையில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

மாமாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்போ என்று பார்த்தாள் யசிந்தா. தெரியவில்லை.

“ஓம். உதுதான். உதுதான்” என்றார். பிறகு, “அவ்வளவுதானே?” என்று கேட்டார்.

“இல்லை மாமா. இன்னும் ஒரு வரி இருக்குது.”

“இருக்கோ?”

*கோபமெல்லாம் தீர்ந்ததென்று கூட்டிக்கொண்டு வாராய்.*

மாமாவின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை படியில் விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“திரும்பச் சொல்லு.”

அவள் திரும்பச் சொன்னாள்.

“அண்டைக்கு விடிய வலை கிழிஞ்சுபோச்சுது பிள்ளை. அந்த எரிச்சலிலை இருந்தனான். அவ பாடத் தொடங்கினா. நான் பகிடிக்குக் கத்தேல்லை. உண்மையாவே கத்தினன். வாயை மூடு எண்டு பேசிப்போட்டன். அவ ஒண்டும் சொல்லாமல் உங்கடை வீட்டை வந்திட்டா. அதுதான் நான் அவவோடை கதைச்ச கடைசிக் கதை.” மாமா படலையைப் பார்த்தார். “கோபத்தோடை போயிட்டா.”

யசிந்தா திகைத்துப்போனாள். இத்தனை நாளும் மாமா இதையா நினைத்துக்கொண்டிருந்தார்?

“இல்லை மாமா!” என்று அவருடைய கையைப் பிடித்து உலுக்கினாள். “மாமி கோபமா வரேல்லை. என்ரை தலையைப் பின்னேக்கை பாடினவ. நாலு வரியும் பாடினவ. கோபமெல்லாம் தீர்ந்ததெண்டு பாடினவ. போகேக்கை சிரிச்சுக்கொண்டுதான் போனவ. நான்தானே பார்த்தனான்!”

“சிரிச்சவவோ?”

“ஓம் மாமா. என்ரை ஒரு பக்கப் பின்னலைப் பார்த்துச் சிரிச்சவ.”

மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அத்தனை நாள் அழாத அழுகையெல்லாம் ஒன்றாக வந்தது.

அம்மா வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயோ, என்னடி செய்தனீ? சொன்னனானெல்லோ!”

“பிள்ளையை ஏசாதை தங்கச்சி” என்றார் மாமா அழுகைக்குள்ளேயே. “அவ என்னோடை கோபமில்லையாம். பிள்ளை பார்த்ததாம்.”

யசிந்தா நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடிய, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவின் மறுபக்கத்தில் போய் இருந்தார்.

“உங்களைக் கேக்காமல் நாங்களே முடிவெடுத்திட்டம் அண்ணை.”

மாமா தலையை ஆட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் புட்டை இங்காலை தா பிள்ளை” என்றார். யசிந்தா பாடப் பாட, முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தார். இடையில் அம்மாவும் சேர்ந்து பாடினார். அம்மாவுக்கு ராகம் கொஞ்சமும் வராது என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு மாமா ஒரே நாளில் பழைய மாமா ஆகிவிடவில்லை. சில நாள் திரும்பவும் பேசாமல் இருந்தார். சில நாள் அழுதார். ஆனால் மத்தியானங்களில் படலையைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டார். கிழிந்த வலையை எடுத்து முற்றத்தில் விரித்தார். கிழிசலைப் பொத்தித் தைத்துக்கொண்டே பாட்டை முணுமுணுத்தார்.

ஒரு நாள் பின்னேரம் மாமாவும் அப்பாவும் வள்ளத்தைத் தள்ளித் தண்ணீரில் இறக்கினார்கள். கரையில் அம்மாவும் யசிந்தாவும் நின்றார்கள். சோளகம் வீசிக்கொண்டிருந்தது. வள்ளம் கொஞ்சத் தூரம் போனதும் மாமா எழுந்து நின்று பாடத் தொடங்கினார். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவதில் அவருடைய குரல் மாமியின் குரலைவிட மோசமாக வழுக்கியது. அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

மாமா பாட்டை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்த்துக் கையை வீசினார்.

“யசிந்தா! மிச்சத்தை நீ பாடு! காற்றுக்குக் கேக்கவேணும்!”

யசிந்தா முழங்கால் தண்ணீர்வரை ஓடினாள். இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, அந்த நாலாவது வரியைக் கடல் முழுக்கக் கேட்கப் பாடினாள்.