பையில் வைத்த கடிதம்

மார்வா கிரிட்டன் மழைக்கோட்டைக் கழற்றாமலேயே காகிதங்களை மேசையில் போட்டபோது மணி மூன்று. பதில் மனு ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

"நான் லேட்டாம் மேடம்! என் பையன் எலிசுக்குப் பேச்சுப் பயிற்சி கேட்ட வழக்கையே தள்ளுபடி பண்ணணுமாம்!"

வக்கீல் லெனோர் ஹாஸ்கல் பள்ளித் தரப்பின் மனுவை நிதானமாகப் படித்தார். பயிற்சி தர முடியாது என்று இரண்டரை வருடங்களுக்கு முன்பே கடிதம் எழுதி, பையனின் பள்ளிப் பையில் வைத்து அனுப்பினார்களாம். மறுப்பு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். கடிதத்தின் நகலும், அது அன்று வைத்ததன் அச்சுப் பிசகாத நகல் என்று பள்ளி எழுத்தர் கொடுத்த சத்தியப் பிரமாணமும் இணைப்பில் இருந்தன.

"நான் அதைப் பாத்ததே இல்ல. அவனால வாயத் திறந்து சொல்லவும் முடியாதே!"

"பச்சைப் பொய்னு எழுதிடலாம் பாஸ்!" என்றான் உதவியாளன் டோபியாஸ். ஓஹையோவிலேயே அவனைவிட வேகமாகத் தட்டச்சு செய்பவர் கிடையாது.

"எழுதினா ஆச்சா? காட்டணும். நீயே படி."

டோபியாஸ் உரக்கப் படித்தான். "ஒன்பது வயது மாணவர் எலிஸ் கிரிட்டனுக்கு, வகுப்பில் தரப்படும் உதவியே போதுமானது..."

"மார்வா, எலிசுக்குப் பிறந்த நாள் எப்போ?"

"போன மாசந்தான். ஒன்பது முடிஞ்சுது."

டோபியாஸ் கடிதத்தின் தேதியை மறுபடியும் பார்த்தான்.

திங்கட்கிழமை தொலைபேசியில் விசாரணை. "வயசு தட்டச்சுப் பிழை," என்றார் பள்ளித் தரப்பு வக்கீல் பர்க்.

"அந்தப் படிவத்துல வயச யாரும் தட்டுறதில்ல," என்றார் லெனோர். "வக்கீலாகறதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தப்ப நானே நிரப்பியிருக்கேன். தேதிய நாம போடுவோம். வயச, அச்செடுக்குற அன்னிக்குக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக்கும். கடிதத் தேதியில எலிசுக்கு ஆறு வயசு. இப்பதான் ஒன்பது. இது போன மாசத்துக்கு முன்னாடி பிறந்திருக்கவே முடியாது, மிஸ்டர் பர்க். எங்க புகார் உங்க கைக்கு வந்த பிறகு."

மறுமுனையில் யாரோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"எழுத்தரை விசாரிக்கணுமா, மனுவ வாபஸ் வாங்கறீங்களா?" என்றார் விசாரணை அதிகாரி.

"வாபஸ்," என்றார் பர்க்.

மார்வா கண்ணைத் துடைத்தாள். "ஜெயிச்சுட்டோமா மேடம்?"

"இல்லம்மா. நாம சொல்றதக் கேக்க ஒத்துக்கிட்டாங்க. வழக்கு வர்ற வியாழக்கிழமைதான் ஆரம்பம்."

"அடேங்கப்பா! பேசறதுக்கு அனுமதி வாங்கவே எனக்கு இந்தப் பாடு," என்றாள் மார்வா. "பேச வரலன்னு என் புள்ளையக் குத்தம் சொல்லி என்ன பண்ண?"