ஈரம் காயாத சங்கு

கடிகாரக்காரர் ஒரு பல்சக்கரத்தை இடுக்கியில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அருங்காட்சியகத்துக் காப்பாட்சியர் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் நுழைந்தார். அவர் தேடி வந்தது பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சோதனைக்காரரை. சுங்கத்துறையில் முப்பது வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, தங்கை கணவரான கடிகாரக்காரரின் கடைதான் அவருக்குப் போக்கிடம்.

"ஐயா, என் சங்கை யாரோ எடுத்துட்டு, வேற ஒண்ணை வச்சிட்டாங்க!"

விஷயம் இதுதான். ஆழ்கடல் சேற்றிலிருந்து வலையில் வந்தது ஒரு கடல் நத்தையின் ஓடு. கம்பளி போர்த்தியதுபோல் ரோமம் அடர்ந்த பழுப்புத் தோல் அதன் மேல். இதுவரை எவரும் பெயரிடாத இனம் என்று முடிவுகட்டி, காப்பாட்சியர் மறைந்த தன் தாயின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். கட்டுரை நாளைக் காலைத் தபாலில் அச்சுக்குப் போக வேண்டும். இன்று காலை இழுப்பறையைத் திறந்தால், உள்ளே பளபளவென்று ஒரு புள்ளிச் சங்கு!

"கடற்கரைக் கடையில கூடை கூடையா விக்கிற சாதாரண வகை. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. இழுப்பறைச் சாவி என்கிட்ட ஒண்ணு, கூட்டிப் பெருக்குற அம்மாகிட்ட ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள சங்கு வரலைன்னா அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி எழுதிடுவேன்."

மூவரும் கிளம்பினார்கள். "அந்தம்மா வேலைதான் மச்சான், சந்தேகமே இல்ல" என்றார் கடிகாரக்காரர், கடையைப் பூட்டியபடி.

"மாப்பிள்ளை, கடிகாரத்தைத் திறக்காமலே கோளாறு சொல்லுவீங்களா?"

"சில பேருக்குச் சொல்லியிருக்கேன்."

"அதான் அவங்க திரும்பி வந்து சண்டை போடுறாங்க."

அருங்காட்சியகத்தின் சங்கு அறை நீளமானது. சுவர் முழுக்க இழுப்பறைகள், மூலையில் கழுவு தொட்டி. கதவோரம் துடைப்பத்தோடு அந்த அம்மாள் நின்றிருந்தாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

சோதனைக்காரர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. புள்ளிச் சங்கை எடுத்துத் தன் உள்ளங்கையில் மெல்லக் கவிழ்த்தார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு தொட்டியின் வடிகட்டியை நகத்தால் கிளறினார். வெங்காயச் சருகு போலப் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"சார், நத்தைக்குக் கதவு மாதிரி ஒரு மூடி இருக்குமாமே?"

"ஆமா. உள்ளே சுருங்கினா அதால வாயை அடைச்சுக்கும். என் சங்கோட மூடியை அன்னிக்கே எடுத்து, குப்பியில போட்டு என் மேசையில பூட்டி வச்சிருக்கேன்."

"அதையும் நீங்க வரைஞ்ச படத்தையும் கொண்டாங்க. மாப்பிள்ளை, கண்ணாடியைப் போடுங்க."

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டார். படத்தில், சங்கின் இரண்டாம் சுற்றில் மூன்று வளைவாக ஒரு கோணல் தழும்பு. எப்போதோ நண்டு கடித்து, நத்தை தானே ஆற்றிக்கொண்ட காயம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அவர் சங்கைத் திருப்பினார். இரண்டாம் சுற்று, அதே இடம், அதே மூன்று வளைவு.

"மச்சான்! அதே தழும்பு!"

சோதனைக்காரர் மூடியைச் சங்கின் வாயில் வைத்தார். தன் வீட்டுக்குத் திரும்பியதுபோல் இடைவெளியின்றி அது உட்கார்ந்துகொண்டது. காப்பாட்சியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"திருட்டும் இல்ல, மாத்தவும் இல்ல. அதே சங்குதான். கடையில வாங்கினதா இருந்தா உள்ளே ஈரம் ஏது? தொட்டியில ஒட்டியிருந்தது இதோட தோல்தான்." என்ற சோதனைக்காரர் அந்த அம்மாளிடம் திரும்பினார். "அம்மா, சங்கை எடுத்தியான்னுதான் உங்களைக் கேட்டிருப்பாங்க. கழுவினியான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்களே! நேத்து ஐயா இதை மறந்து மேசை மேலேயே விட்டுட்டுப் போயிட்டாரு. அட்டையில அவரோட அம்மா பேரு. பெத்தவ பேரு வச்ச பொருளு இப்படி அழுக்கேறிக் கெடக்கலாமான்னு பிளீச்சிங் தண்ணியில ஊறப்போட்டேன். காலையில தேய்ச்சுக் கழுவி உள்ளே வச்சேன். ஐயாவோட சங்கு இங்கதான் இருக்குது, அப்புறம் எதைக் காணோம்னு அவரு கேக்குறாருன்னே எனக்குப் புரியல. தப்புங்களா?"

காப்பாட்சியர் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சங்கு. அதனால தோலைச் சுரண்டிப் பார்க்க மனசு வரல" என்றார் கடைசியில். "ஆழத்துச் சேத்துல வளர்ந்து தோல் தடிச்சிருக்கு. அவ்வளவுதான். இது புது இனம் இல்ல."

"பார்த்த உடனே சாதாரண வகைன்னு சொன்னது உங்க கண்ணுதானே சார். கண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு, ஆசைதான் கேக்கல. நாளைக்குத் தபால் போயிருந்தா, அம்மா பேரு ஒரு தப்போட சேர்ந்து அச்சாகியிருக்கும். நம்மைத் திருத்த ஆண்டவன் எப்பவும் பெரிய ஆளுங்களையே அனுப்புறதில்ல. சில நேரம் துடைப்பம் பிடிச்ச கையை அனுப்புறான்."

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மாளிடம் போய், "அக்கா, வழியில உங்களைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன்" என்றார்.

"என் காதுல விழலியே தம்பி" என்றாள் அவள். "விழாததை விடுங்க."

காப்பாட்சியர் கட்டுரை உறையை இரண்டாகக் கிழித்தார். பழைய அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். புது அட்டையில் சாதாரண வகையின் பெயரையே எழுதினார். அதன் கீழே, 'சுத்தம் செய்து சரியான இனத்தைக் காட்டியவர்' என்று எழுதியதும் பேனா நின்றது.

அவர் எழுந்து நின்றார்.

"பதினோரு வருஷமா ஏம்மா, இந்தாம்மான்னே கூப்பிட்டுட்டேன். உங்க பேரு என்னம்மா?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவர் இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்து, தன் தாயின் பெயரை எழுதிய அதே நிதானத்தோடு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.