சாயம் ஒட்டாத இடங்கள்

காருக்குள் வெயில் மறைக்கும் சன்வைசரின் ஓரத்தில் மட்டும் கறுப்பு ஒட்டவில்லை. ஸ்ப்ரே கன்னைக் காட்டியபோது மற்ற இடங்களைப் போலவே அங்கும் சாயம் மெல்லிய பனியாகப் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு, சுட்ட தகரத்தில் விழுந்த தண்ணீர் மாதிரி சுருண்டு விலகி ஓடியது. அடியில் கிடந்த பழைய கிரீம் நிறம் நாலு நீளத் தீற்றலாக வெளியே தெரிந்தது.

சாயக்காரி முகமூடிக்குள்ளேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது சாயத்துக்கு இல்லை. தங்கச்சி புருஷனுக்கு.

பட்டறைத் தெருவில் அவளுக்குச் சாயக்காரி என்றுதான் பெயர். காரின் வெளிப்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்க அந்தத் தெருவிலேயே வேண்டிய மட்டும் ஆள் உண்டு. சீட்டுத் தோல், கதவு அட்டை, டேஷ்போர்டு என்று உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் நிறம் மாற்றித் தருகிறவள் அவள் ஒருத்திதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், ஒரு ஆளைச் சகித்துக்கொள்ள ஒரு தங்கச்சி பத்தாதா, குடும்பத்துக்கு ஒருத்தி கஷ்டப்பட்டால் போதும் என்பாள். தங்கச்சியும் சேர்ந்து சிரிப்பாள். போன கோடைவரைக்கும் சிரித்தாள்.

இந்தக் கார் தங்கச்சியுடையது. இதில்தான் செத்தாள். புருஷன் கடைக்குள் போயிருந்தானாம், இவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் சீட்டிலேயே தூங்கிவிட்டாளாம், வெயிலில் மூச்சு முட்டி நெஞ்சு நின்றுவிட்டதாம். எல்லாம் 'ஆம்'தான். பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். தூக்கி அடக்கம் பண்ணியாகிவிட்டது, தங்கச்சி மகள் பாப்பா பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ராத்திரி பெரியம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் கண்ணை மூடுவாள்.

இப்போது அவனுக்கு வேறு ஊரில் வேலை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வந்து நின்றான். பெற்ற தகப்பன், யார் தடுப்பது? தடுத்தது பாப்பாதான். கார்க் கதவைத் திறந்ததும் இரண்டு காலையும் கதவுச் சட்டத்தில் உதைத்து விறைத்துக்கொண்டு அலறினாள். அவன் தூக்கித் திணித்துப் பார்த்தான். கடித்துவிட்டாள்.

மறுநாள் காரைப் பட்டறைக்கே கொண்டுவந்தான்.

"உள்ள பூரா கறுப்பா மாத்திக் குடுங்கக்கா. கலர் மாறிட்டா வேற வண்டின்னு நெனச்சுக்குவா."

வேறு பட்டறையே கிடைக்கவில்லையா என்று கேட்டாள்.

"வெளிய குடுத்தா ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. நீங்கன்னா குடும்பம்."

அதற்குப் பிறகு அவன் சிரித்த முகத்தோடு சொன்னதை அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். செய்து தந்தால் லீவுக்கு லீவு பாப்பாவைக் கொண்டுவந்து காட்டுவானாம். இல்லையென்றால் போன் நம்பரையே மாற்றிவிடுவானாம். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகிற வண்டிக்கு அவள் கையாலேயே சாயம் அடிக்கவேண்டும். சரி என்றாள்.

சரி என்றவள் வேலையில் ஒரு திருட்டுத்தனம் செய்தாள். தோலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும், பிறகு ஸ்பிரிட் போட்டுத் துணி வெளுப்பாக வரும்வரை துடைக்கவேண்டும். மனுஷக் கைப் பிசுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் சாயம் அதன்மேல் நிற்காது. அவள் துடைக்கவே இல்லை. மேலாகத் தூசியைத் தட்டிவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். போகிற வழியிலேயே உரியட்டும், அவன் வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டட்டும், ஊர் போய்ச் சேரும்போது கரிமூட்டையாக இறங்கட்டும். அவளால் முடிந்த பழி அவ்வளவுதான்.

ஆகவே சாயம் விலகியது அவளுக்கு ஆச்சரியமில்லை. விலகிய இடம்தான் உறுத்தியது.

பிளாஸ்டிக் திரை கட்டிய கொட்டகைக்குள் விளக்கு வெள்ளையாக எரிந்தது. காற்றை வெளியே தள்ளும் விசிறி இரைந்தது. பக்கத்துப் பட்டறையில் டிங்கர் நசுங்கிய கதவு ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங், கியர், கதவுப் பிடி ஆகிய இடங்களில் கிரீம் திட்டுத் திட்டாக வந்திருந்தது. அது கை தினமும் புழங்கும் இடம், வரத்தான் செய்யும். ஆனால் வைசரின் மேல் விளிம்பில் எதற்கு விரல்? முன்கண்ணாடியை ஒட்டிய தூணில், தலைக்கும் மேலே, முழு உள்ளங்கை ஏன்? குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டின் முகப்பில் இரண்டு வட்டங்கள் வெளுத்துக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. அவற்றுக்கு மேலே சின்னச் சின்னப் பொட்டுகள் வரிசையாக.

குதிகால். கால்விரல்.

செருப்பில்லாத கால் ஒன்று டேஷ்போர்டை உதைத்திருக்கிறது. ஒரு தடவை இல்லை.

சாயக்காரி ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தாள். தூணில் இருந்த உள்ளங்கைமேல் தன் கையைத் தொடாமல் வைத்துப் பார்த்தாள். அவளுடையதைவிடச் சின்னது. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அந்தச் சுண்டுவிரலுக்கு அவள் சின்ன வயசில் எத்தனையோ தடவை மருதாணி வைத்திருக்கிறாள்.

அதன் பிறகுதான் ஓட்டும் சீட்டில் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்டைப் பார்த்தாள். அதன் இரண்டு பக்கமும் பின்னாலிருந்து முன்னால் வளைந்து வந்த விரல்கள். தடித்த விரல்கள். ஹெட்ரெஸ்டைக் கட்டிப் பிடித்தவை போல, அல்லது ஹெட்ரெஸ்டோடு சேர்த்து இன்னொன்றைப் பிடித்தவை போல.

பின்சீட்டில் ஆள் இருந்திருக்கிறது.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. காதில் ரத்தம் இரைகிற மாதிரி ஒரு ஆத்திரம். ஸ்பிரிட் டப்பாவைக் கவிழ்த்துத் துணியை நனைத்து வைசர், தூண், டேஷ்போர்டு, ஹெட்ரெஸ்ட் என்று வெறிபிடித்த மாதிரி துடைத்தாள். எதற்காகத் துடைக்கிறோம் என்று யோசித்தபோது துணி வெளுத்து, தோல் வெறும் தோலாக நின்றது. ஐயோ, இருந்த ஒரே சாட்சியையும் தன் கையாலேயே அழித்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கோபத்திலேயே மறுபடி சாயம் அடித்தாள். இப்போது ஒரு பிசுக்கு கிடையாது. கண்ணாடி மாதிரி உட்காரவேண்டும்.

உட்கார்ந்தது. பிறகு விலகியது.

இந்தத் தடவை வேறு இடங்களில். கதவு அட்டையில் நகத்தால் பிராண்டிய மாதிரி நீளக் கோடுகள். கியருக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை. தூணில் இருந்த உள்ளங்கை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது.

உள்ளே வெக்கையாக இருந்தது. நாலு கதவும் திறந்து கிடந்தன, விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் காருக்குள் தலையை நீட்டினால் உச்சி வெயிலில் பூட்டிப்போட்ட வண்டியின் சூடு முகத்தில் அடித்தது. ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பிய சாயம் தோலைத் தொடுமுன்பே காய்ந்து கரித்தூளாக உதிர்ந்தது. தின்னர் வாசனைக்கு அடியில் சுட்ட தோலின் வாசனை, வேர்வை வாசனை.

திரையை விலக்கிக்கொண்டு டிங்கர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சாயக்காரி, வண்டிகிட்ட சண்ட போட்டுட்டிருக்க? உன் சத்தம் என் சுத்தியல் சத்தத்த மீறுது."

ஒன்றுமில்லை என்றாள். அவர் நக்கலாகச் சிரித்தபடியே வந்து, வண்டியின் கூரையில் கை ஊன்றிக் காருக்குள் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"ஹீட்டர் போட்டிருக்கியா?"

"பேட்டரி அந்தா கெடக்கு. கழட்டி வெச்சிருக்கேன்."

மூலையில் கிடந்த பேட்டரியைப் பார்த்தார். ஹெட்ரெஸ்டைப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. ஷட்டரை இறக்கும் சத்தம்தான் கேட்டது.

மூன்றாவது தடவை அடித்த கோட் ஒட்டியது. ஒரு இடம் பாக்கியில்லாமல், ஒரு தடம் இல்லாமல், நல்ல கிணற்றுக் கறுப்பு. வெக்கையும் நின்றுவிட்டது. தடம் தெரிந்தபோதுகூட இப்படி இல்லை, இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. எதுவோ இத்தனை நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. இல்லை, காத்திருக்கிற மாதிரி.

வண்டி காய்ந்ததும் பேட்டரியை மாட்டி வெளியே தள்ளி நிறுத்தினாள். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே அவன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டைதான். பாப்பா ஓடிவந்து பெரியம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் சுற்றிவந்து பார்த்தான். பிரமாதம் என்றான். கம்பெனியிலேயே இப்படி வராது என்றான். அவள் சாவியைக் கொடுக்காமல் நின்றாள்.

"அவ தூங்கிட்டான்னு சொன்னீங்களே மாப்பிள்ளை. தூங்குறவ கால் எதுக்கு டேஷ்போர்டுல இருக்கு?"

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திடுக்கிட்டிருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பாள்.

"அதான் கறுப்பு அடிச்சாச்சே," என்றான். "இன்னும் என்னத்தக் கிளறுறீங்க? சாவியக் குடுங்கக்கா. நேரமாகுது."

சாவியை அவனே அவள் கையிலிருந்து பிடுங்கினான். ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். பாப்பாவைப் பின்னால் ஏற்றி விடச் சொன்னான். அவன் பக்கத்துக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.

பாப்பா அலறவில்லை. கட்டைவிரலை விட்டாள். காருக்கு அருகில் போனாள். அப்பாவின் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்தாள், அறிந்த ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு இரண்டு கையாலும் அப்பா பக்கத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

தோல் முனகியது. ஆள் ஒன்று சீட்டில் அசைந்து உட்காரும் சத்தம்.

ஹெட்ரெஸ்டின் இரண்டு பக்கமும் கறுப்பு விலகியது. சின்ன விரல்கள். ஒரு சுண்டுவிரல் வளைந்திருந்தது. அவன் கழுத்தைத் திருப்பப் பார்த்தான். திருப்ப முடியவில்லை. கதவுப் பிடியை இழுத்தான்.

கதவு லேசாகத் திறந்துகொடுத்தது. வெளியிலிருந்து ஒரு கை உதவினால் முழுசாகத் திறந்துவிடும்.

சாயக்காரி போய்க் கதவில் தோளைக் கொடுத்து அழுத்தினாள்.

இழுத்தான். அழுத்தினாள். அவன் வாய் கண்ணாடிக்குப் பின்னால் அக்கா, அக்கா என்றது. அழுத்தினாள். கண்ணாடி தோளைச் சுட்டது. விடவில்லை. கன்னம் சுட்டது. விடவில்லை. உதை. இன்னொரு உதை. அப்புறம் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள்.

உள்ளே எல்லாம் கிரீம். சீட், கதவு, டேஷ்போர்டு, தூண், எல்லாம் கடையிலிருந்து வந்த அன்று இருந்த கிரீம். அடித்த கறுப்பு அத்தனையும் ஒரே இடத்தில் இருந்தது. பெல்ட் போட்டபடி ஓட்டும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சட்டை, கழுத்து, முடி, முகம் எல்லாம் ஒரே தோல். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு மேடு. ஒரு வழியல் இல்லை, ஒரு திட்டு இல்லை. அவள் இத்தனை வருஷத்தில் அடித்திராத சமமான கோட்.

வாய் இருந்த இடத்தில் மட்டும் அந்தத் தோல் இறுகி உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. உள்ளே குழிந்தது.