ஏழாவது தகட்டில் நிற்கிறவள்

ஏழாவது தகட்டிலும் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

கொலேட்டா படம் பதிந்த கண்ணாடித் தகட்டைச் சாய்வு மேசையில் பொருத்தி, கீழே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தை அதற்குள் பாய்ச்சியபோது, கெண்ட் நகரத்தின் கோரன்மார்க்ட் சதுக்கம் நெகட்டிவில் நிறம் மாறி எழுந்து வந்தது. வானம் கறுப்பு, ஜன்னல்கள் வெள்ளை, புதிய தபால் நிலையத்தின் கோபுரம் சாம்பல். டிராம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கறுத்த ஏப்ரனும் கறுத்த முகமுமாக ஒரு சின்ன உருவம். ஒரு காலுறை மட்டும் கணுக்காலுக்குச் சரிந்து கிடந்தது. முதல் தகட்டில் அரிசி அளவுதான் இருந்தாள். இப்போது ஒரு விரல் நீளத்துக்கு வந்துவிட்டாள்.

அந்தப் புகைப்படக் கடையில் கொலேட்டாவுக்கு அழிப்பதுதான் வேலை. அடுத்த மாதக் கடைசியில் உலகக் கண்காட்சி திறக்கப் போகிறது. வரும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் கொடுக்க, வளர்ந்துகொண்டிருக்கும் கெண்ட் நகரத்தைக் காட்டும் நூறு படங்கள் கொண்ட ஆல்பம் ஒன்றைக் கமிட்டி கேட்டிருந்தது. அகலமான தெருக்கள் தெரிய வேண்டும், புதுப் பாலம், புது ரயில் நிலையம் எல்லாம் தெரிய வேண்டும். வெறுங்கால், கைவண்டி, துணி காயும் கொடி எதுவும் கண்ணில் படக்கூடாது. ஊர் வளர்கிறது என்றால் ஊரில் ஆளே இருக்கக்கூடாது என்று அந்தக் கனவான்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

அதற்காகத்தான் முதலாளி ஒக்டாஃப் விடிந்தும் விடியாததுமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி ஒரு நிமிடம் முழுக்கத் திறந்து வைத்தால், நடந்து போகிறவர்கள் யாரும் தகட்டில் பதியமாட்டார்கள். அசையாமல் இருப்பவர்கள்தான் பதிவார்கள்: குடித்துவிட்டுத் தூங்குகிறவன், கடை விரித்து உட்கார்ந்திருப்பவள், வண்டியில் சாய்ந்து நிற்கும் கிழவர். அவர்களையெல்லாம் கொலேட்டா கத்தி முனையால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் தரையின் கற்களைப் பென்சிலால் வரைந்துவிடுவாள். பதினோரு வருட அனுபவம். உதிர்ந்த கறுப்புத் தூளைச் சாயங்காலம் துணியால் துடைத்துப் போட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

ஆனால் எந்த ஊர்ப் பிள்ளை ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறது?

"முதலாளி, அந்தப் பொடிசு மறுபடி வந்து நிக்குது."

"எந்தப் பொடிசு? நான் படம் எடுத்தப்போ சதுக்கத்துல ஒரு புறாகூட இல்ல," என்றார் ஒக்டாஃப், மீசையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிக்கொண்டே. "வயசாயிடுச்சும்மா ஒனக்கு. மூக்குக் கண்ணாடிய மாத்து."

"நீங்க கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டுத் தூங்கியிருப்பீங்க."

மூலை மேசையில் வியாபாரிகளின் மனைவிமார் படங்களில் முகத்திலிருந்து மருக்களை எடுத்துக்கொண்டிருந்த உதவியாளன் ஆகீல் களுக்கென்று சிரித்தான். ஒக்டாஃப் அவனை ஒரு முறை முறைத்தார்.

"அப்படியா சேதி? அப்போ காகிதத்துல அச்சுப் போட்டுக் காட்டு. வெயில்தான் இருக்கே."

திருத்தாத தகட்டைக் காகிதத்தில் அச்சுப் போடும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை. காகிதம் வீண், நேரமும் வீண். அதனால் இத்தனை வருடங்களில், தான் அழித்த ஒருவரைக்கூட மனித முகத்தோடு கொலேட்டா பார்த்ததில்லை. நெகட்டிவில் எல்லாரும் கறுத்த முகமும் வெளுத்த கண்குழியும்தான். வலம் இடமாக, இடம் வலமாக மாறிக் கிடப்பார்கள். அழிக்கிறவளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

தகட்டையும் காகிதத்தையும் சேர்த்துச் சட்டத்தில் மாட்டி ஜன்னல் விளிம்பில் வெயிலுக்கு வைத்தாள். மார்ச் மாதத்து வெயில், மேகம் போட்டுப் போட்டு விலகிக்கொண்டிருந்தது. காகிதம் கறுக்க நேரம் பிடிக்கும். கை சும்மா இருந்தால் அவள் மனம் வீட்டுக்கு ஓடிவிடும். வீட்டில் சுல்மா இருக்கிறாள். ஆறு வயது. இரண்டு வருடத்துக்கு முன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கணவன் செத்த பிறகு கொலேட்டாவுக்கு இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான்.

இந்த வாரம் என்னவோ சரியில்லை. திங்கட்கிழமை பள்ளிக் கன்னியாஸ்திரி தெருவில் நிறுத்தி, பிள்ளையை ஏன் நாலு நாளாக அனுப்பவில்லை என்று கேட்டார். நாலு நாளும் வாசல்வரை கொண்டுவிட்டவள் கொலேட்டா. புதன்கிழமை கீழ்வீட்டு சிடோனி, எப்போதும் மூன்று பேருக்குச் சாப்பாடு வைப்பவள், இரண்டு கிண்ணம் மட்டும் வைத்துவிட்டுச் சுல்மாவைத் தாண்டிச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளை அம்மாவின் கிண்ணத்தில் சாப்பிட்டாள். இன்று காலையோ, கொலேட்டாவே கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை வந்துவிட்டாள். எதையோ மறந்தோமே, குடையா, சாப்பாட்டுத் தூக்கா என்று யோசித்து யோசித்து, கடைசியில்தான் மகள் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் திறந்தபோது சுல்மா கதவுக்குப் பின்னால் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. அதுதான் கொலேட்டாவைக் கொன்றது. இருமலும் இருந்ததால் இன்று வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சட்டத்தின் பின்பலகையில் பாதியைத் திறந்து காகிதத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். ஊதா நிறத்தில் சதுக்கம் வந்திருந்தது. கற்கள் வந்திருந்தன. ஏப்ரன் வெள்ளையாக வந்திருந்தது. அதற்கு மேலே முகம். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பு, போன வருடம் அடுப்பு விளிம்பில் மோதியது.



"முதலாளி, இது சுல்மா."

ஒக்டாஃப் வந்து குனிந்து பார்த்தார். "அட, ஆமா, யாரோ நிக்கிறாளே. நான் பாக்கவே இல்லையே. நல்லா நிக்கிறா, தூண் மாதிரி. யாரு சுல்மா?"

"என் பொண்ணு."

அவர் கிண்டல் செய்யவில்லை. அவள் முகத்தைக் கவலையோடு பார்த்தார்.

"ஒனக்கு ஏதும்மா பொண்ணு?"

போன டிசம்பரில் இதே மனிதர்தான் சுல்மாவை இந்த மேசைமேல் உட்கார வைத்துக் கிராம்பு பிஸ்கெட் கொடுத்து, மீசையைப் பிடித்து இழுக்கவிட்டவர். கொலேட்டா ஆகீல் பக்கம் திரும்பினாள்.

"நீங்க தனியாத்தானே அக்கா இருக்கீங்க," என்றான் அவன், சங்கடத்தோடு.

ஆறு தகடுகள். ஆறிலும் சுல்மாவைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தாள். சுரண்டியது சுரண்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. தூளைத் துணியில் துடைத்து வாசலில் உதறியிருக்கிறாள், தன் கையால். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மீன் சந்தைப் பக்கம் கைவண்டியோடு தினமும் நிற்பாரே ஒரு கிழவர், அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? அவர் எங்கே என்று ஊரில் யாராவது கேட்டார்களா? எத்தனை நூறு பேரை அழித்திருப்பாள் இந்தப் பதினோரு வருடத்தில்?

"ஆறு மணிக்குக் கமிட்டி ஆளு தகட்ட வாங்க வர்றாரு," ஒக்டாஃப் சங்கிலியை இழுத்துப் பைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். "நீ செய்றியா, ஆகீல் செய்யட்டுமா?"

கொலேட்டா தகட்டைச் சட்டத்திலிருந்து பிடுங்கித் தலைக்குமேல் தூக்கினாள். தரையில் ஓங்கி அடிக்க வேண்டியதுதான். ஆனால் கண்ணாடி உடைந்தால்? உள்ளே நிற்பவளுக்கு என்ன ஆகும்? தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல ஒக்டாஃப் அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போம்மா. ரெண்டு நாள் நல்லாத் தூங்கி எந்திரி."

"ஆகீல், தம்பி, கைய வைக்காதடா. ஒன் காலுல விழறேன்டா."

"முதலாளி சொல்றாருக்கா," என்றான் ஆகீல் நிமிராமல். கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் வைத்தான். கத்தியை ஊதினான்.

அவள் ஓடினாள். தெருவெல்லாம் சாரம், ஈரச் சுண்ணாம்பு வாசனை, இடித்த வீடுகளின் புழுதி. தேவாலயத்தை மறைத்ததென்று ஒரு வரிசை வீடுகளையே எடுத்துவிட்ட இடத்தில், உள்சுவரின் பூப்போட்ட காகிதம் காற்றில் கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தது. இங்கே யார் குடியிருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு பெயர்கூட வரவில்லை. வெயில் முதுகில் சுட்டது. அந்த வெயிலில்தான் ஆகீல் வேலை செய்துகொண்டிருக்கிறான்.

சிடோனி படிக்கட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சுல்மா மேல இருக்காளா?"

"யாருடி அது? மாடியில ஆளு வச்சிருக்கியா, எங்கிட்ட சொல்லவே இல்ல?"

கொலேட்டா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

சமையலறை நாற்காலியில் சுல்மா உட்கார்ந்திருந்தாள். உயிரோடு, முழு முகத்தோடு, மூக்கு ஒழுகிக்கொண்டு. கொலேட்டாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். பூட்ஸ் இரண்டும் தரையில் நின்றன. காலுறைகள் அவற்றின்மேல் சுருண்டு கிடந்தன. ஏப்ரனின் விளிம்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

"அம்மா, காலக் காணோம்."

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல. கூசுது. யாரோ சுரண்டுறாங்க."

அடியிலிருந்து ஆரம்பி, முகத்தைக் கடைசியில் வை என்று ஆகீலுக்குச் சொல்லிக் கொடுத்தவளே கொலேட்டாதான். அவள் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். மடித்த துணி அளவுக்குத்தான் கனம் இருந்தது. சுரண்டும் சத்தம் அவளுக்கும் கேட்டது. எங்கிருந்தோ, மிக மெல்லிசாக. சர். சர். சர்.

அப்போது மேகம் வந்து மூடியது. அறை சாம்பல் நிறமானது. சத்தம் நின்றது.

கொலேட்டாவுக்குப் புரிந்தது. வெளிச்சம் இல்லாவிட்டால் ஆகீலுக்குத் தகடு தெரியாது. விளக்கை வைத்துத் திருத்தினால் பிசகிவிடும், முதலாளி விடமாட்டார். மணி ஐந்தேகால். இந்த மேகம் இப்படியே நின்றால் போதும். இருட்டிவிடும். ஆறு மணிக்குக் கமிட்டி ஆள் வந்து தகட்டை அப்படியே வாங்கிக்கொண்டு போகட்டும், அல்லது வேண்டாமென்று போடட்டும். இருட்ட வேண்டும், அவ்வளவுதான். மாதாவே, சீக்கிரம் இருட்டாக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் இருட்டைக் கெஞ்சிக் கேட்டாள்.

"கஞ்சி இருக்காம்மா?"

மோரில் காய்ச்சிய கஞ்சி அடுப்பில் இருந்தது. வெல்லப்பாகு ஊற்றிக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். சுல்மா சாப்பிட்டாள். நாலாவது கரண்டியில் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே கூரைகள் மங்கிக்கொண்டு வந்தன. இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்சம்.

எதிர்க் கூரையின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

"வேணாம்," என்றாள் கொலேட்டா, சத்தமாக.

கோடு அகலமானது. கூரை முழுக்க. சுவர் முழுக்க. சாயும் வெயில் அறைக்குள் நேராக வந்து மேசைமேல் படுத்தது.

சர்.

ஏப்ரன் தட்டையாகியது. கை இருந்த சட்டைக்கை தொங்கியது. கொலேட்டா திரையை இழுத்தாள். என்ன பயன். வெளிச்சம் அங்கே இருந்தது. கத்தி அங்கே இருந்தது. அவள் இங்கே இருந்தாள். எட்டுத் தெரு தூரம். பிள்ளையை விட்டுவிட்டு ஓட முடியாது. தூக்கிக்கொண்டு ஓடப் பிடிக்க ஒன்றும் இல்லை.

"அம்மா, என்னப் பாத்துக்கிட்டே இரு."

"பாக்குறேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்டி தங்கம்."

கழுத்து. முகவாய். இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையில் சர். சர். உதடு அவள் உள்ளங்கையில் அசைந்தது. ம் என்று ஆரம்பித்தது. முடிக்கவில்லை. மூக்கு போனது. தழும்போடு புருவம் போனது. கண்கள் இரண்டும் அவளையே பார்த்தன. ஒன்று போனது. இன்னொன்று பார்த்தது.

பிறகு வழவழப்பு.

கொலேட்டா கையை எடுத்தாள். மடியில் கூந்தலும் காதும் இல்லாமல், முட்டை வடிவத்தில், சாம்பல் நிறத்தில் அது இருந்தது. சுரண்டல் நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பதில் இப்போது பென்சில் சத்தம், நிதானமாக. வெறுமையான முகத்தின்மேல் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. அதற்குக் குறுக்கே இன்னொன்று. சதுரம் சதுரமாக, கல்லுக்குக் கல் சீரான இடைவெளி விட்டு, கோரன்மார்க்ட்டின் தரை அதன்மேல் ஏறிக்கொண்டு வந்தது. கற்களுக்கு அடியில், வாய் இருந்த இடத்தில், சூடான மூச்சு இன்னும் வந்துகொண்டிருந்தது.