வெண்ணெய்க் கை

அந்த மழை பத்து நிமிடம் பொறுத்திருந்தால் ஒதீல் நேராகக் கடைக்குப் போயிருப்பாள். பொறுக்கவில்லை. பாரிஸின் மார்ச் மழை... சாய்ந்து வந்து குடைக்குள்ளேயே நனைக்கிற மழை. எதிரே திறந்திருந்த கதவுக்குள் ஓடினாள். தரை வழுக்கியது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று, வழவழவென்று, மேசையளவு ஒரு கல்.

"கையை எடுங்க."

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். சாம்பல் நிறக் கண்கள். மூக்கு நுனியில் கறுப்பு மசி. அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை விழுந்துவிட்டதுபோலக் கல்லைப் பார்த்தன.

"கையில என்ன தடவியிருக்கீங்க?"

"வெண்ணெய். வெண்ணெய்க் கடைக்காரி கையில வேற என்ன இருக்கும், அத்தரா?"

அது அச்சுக்கூடம். அதை நடத்தும் பெர்த்தியே சமாதானமாக விளக்கினார். இந்தக் கல்லில் எங்கே கொழுப்புப் படுகிறதோ அங்கே மசி ஒட்டும். ஓவியர் கொழுப்புக் கரித்துண்டால் வரைவது அதற்காகத்தான். இனி, அந்தச் சாம்பல் கண்களுக்குச் சொந்தக்காரனான ஓவியன் யானிக் வரைந்த தடித்த பட்டைகளோடு அவளுடைய ஐந்து விரல்களும் அச்சாகும்.

ஒதீல் கல்லை உற்றுப் பார்த்தாள். "இது என்னங்க படம்?"

"எதோட படமும் இல்ல. படம், அவ்வளவுதான்."

"எதுவுமே இல்லாததுல நான் கை வெச்சா என்ன கெட்டுப்போச்சு?"

பெர்த்தியே சிரிப்பை இருமலாக்கினார். யானிக்கின் காது சிவந்தது. ஒதீல் மழையிலேயே வெளியேறினாள்.

தன் கைகளை அவளுக்குப் பிடிக்காது. எவ்வளவு சோப்பு போட்டாலும் பிசுபிசுப்பு போகாது. நடனத்தில் அவளோடு ஒரு சுற்று ஆடுகிறவன் இரண்டாம் சுற்றுக்குக் கேட்கமாட்டான். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நகர்வான். இப்போது இவன் வேறு...

ஒரு வாரம் கழித்து யானிக்கே அவள் கடைக்கு வந்தான். தொப்பி கையில் கசங்கிக்கொண்டிருந்தது. முதலில் கால் கிலோ வெண்ணெய் வாங்கினான். பிறகு மன்னிப்புக் கேட்டான். பிறகுதான் விஷயம் வந்தது. ஓவியக்கூடம் நடத்தும் மதாம் லூவெல் அந்தக் கல்லிலிருந்து எடுத்த சோதனை அச்சைப் பார்த்தாராம். பட்டைகளைத் தாண்டிப் போய் அந்தக் கையிடம் நின்றுவிட்டாராம். இதேபோல் இன்னும் ஆறு கொடு, இலையுதிர் காலத்தில் உன் பெயரில் கண்காட்சி என்றாராம். இதுவரை கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி வயிறு வளர்த்தவனுக்கு அது முதல் கண்காட்சி.

"என் கையை வெச்சுப் பார்த்தேன். குதிரைக் குளம்பு மாதிரி வருது. உங்க கை வேணும்."

கல்லாவிலிருந்த அத்தை நிமிர்ந்தாள். "கைதானே வேணும்? திங்கக்கிழமை கடை லீவு, வரும். கூட அவளும் வர்றதால ஆறு மணிக்குள்ள ரெண்டும் வீடு திரும்பணும்."

இப்படியாக ஒவ்வொரு திங்களும் ஒரு கல். அவன் இரண்டு விரலால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் லேசா..." என்பான். அவள் அவன் முகத்தையே பார்ப்பாள். அவன் கண்ணோ கல்லில். மூன்றாவது கல்லுக்கு அவள் தலையைப் புது மாதிரி வாரிக்கொண்டு போனாள். ஐந்தாவதற்கு நீலக் கவுன்.

"கவுன் கையை மடிச்சுக்கோங்க, மசி பட்டுடும்," என்றான்.

தன் கையின் மேலேயே ஒதீலுக்குப் பொறாமை வந்தது. இந்தக் கைக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாளே, அது இவனுக்குத் தெரியுமா? இவனுக்கு வேண்டியது கையா, நானா?

ஆறாவது திங்கள். கடைசிக் கல். கையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தாள். யானிக் பின்கட்டில் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கை துடைக்கக் கழிவுக் கூடையிலிருந்து ஒரு தாளை உருவினாள்.

தாளில் ஓர் உள்ளங்கை. அகலமாக, தடித்த கட்டைவிரலோடு. அவளுடையது அல்ல. ரேகைக்கு ரேகை உயிரோடு இருந்தது. மூலையில் பென்சிலில் தேதி: அவன் கடைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பு.

பெர்த்தியேவிடம் நீட்டினாள். அவர் மசி உருளையை நிறுத்தாமலே சொன்னார். யானிக்கின் கை முதல் தடவையே அருமையாக வந்ததாம். மதாம் லூவெலுக்கே வித்தியாசம் தெரியவில்லையாம். தன் வாயை அடைக்க இதுவரை ஐந்து புட்டி ஒயின் வந்திருக்கிறதாம்.

யானிக் உள்ளே வந்தான். தாளைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"இது குதிரைக் குளம்பு மாதிரி இல்லையே, முசியே."

"இல்ல... பொய் சொன்னேன்."

"என் கை தேவையே இல்லன்னா எதுக்குக் கூப்பிட்டீங்க?"

முதல்முறையாக அவன் கல்லையும் கையையும் விட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அந்தச் சாம்பல் கண்களில் இத்தனை பயமா...

"மூணு நாள் உங்க கடை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். கை வேணும்னு கேக்க எப்படியோ தைரியம் வந்துச்சு. நீங்க வேணும்னு கேக்க வரல. உங்களைத்தான் பிடிச்சிருக்கு, ஒதீல். அன்னிக்கு மழையில என்னைத் திட்டிட்டுப் போனீங்களே, அப்பவே."

கோபப்பட வேண்டும் என்று தேடினாள். கோபம் எங்கேயும் கிடைக்கவில்லை.

"அடுத்த திங்கள்லேர்ந்து எனக்கு இங்க வேலை இல்ல," என்றாள்.

அவன் முகம் வாடியது.

"அதனால மூணு மணிக்கு எங்க கடைக்கு வந்து கதவைத் தட்டுங்க. அத்தைதான் திறப்பாங்க. என்ன வேணும்னு கேப்பாங்க. இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்க."

"கத்துவாங்களே..."

"கத்துவாங்க. கத்தி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க. நான் அதுக்குள்ள தலை வாரிட்டு வந்துடறேன்."