முதுகுக்காரனுக்கு ஏழு அடி

கையில் ஒரு கருவிப் பை இருந்தால் போதும், எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்துவிடலாம். வாசலில் இருந்த காவலாளி முழுதாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“லிப்ட் பாக்கவாம்மா?”

“ஆமாண்ணே.”

சின்னவள் சொன்னது பாதிப் பொய். லிப்ட் பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. ஆனால் இன்று வந்தது லிப்டுக்காக அல்ல, அக்காவுக்காக. நாலாவது மாடியில் இருக்கும் அந்த வீடியோ கேம் கம்பெனியில்தான் மூன்று வாரத்துக்கு முன்பு வரை அவள் அக்கா வேலை பார்த்தாள். ‘பாழ்மனை’ என்று ஒரு பேய் விளையாட்டு. மூன்று பாகம் வந்து சக்கைப்போடு போட்டு, நாலாவது பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. விற்பனைக்கு வருமுன் அதை நாள் முழுக்க ஆடிப் பார்த்து எங்கே தப்பு என்று எழுதிக் கொடுப்பது அக்காவின் வேலை.

ஒரு நாள் மத்தியானம் அக்காவை ஆட்டோவில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே இருக்கிறாள். அம்மா ஊட்டினால் விழுங்குகிறாள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை, இல்லாத ஒரு பொத்தானை அழுத்துகிறது. தூக்கத்திலும் அழுத்துகிறது.

களைத்துப்போய் விரல் எப்போதாவது ஒரு தடவை தவறும். அப்போது அக்காவின் உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போடும். தோளில் கன்னங்கரேலென்று ஒரு கோடு விழும். டாக்டர்கள் ஆயிரம் சோதனை செய்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

இன்று காலை ஆறாவது கோடு விழுந்தது.

பாழ்மனை ஆடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த ஆட்டத்தில் ஓர் ஆளுக்கு உயிர் ஏழு கோடு. அக்காவுக்கு மிச்சம் ஒன்று.

அம்மா அழுதுகொண்டே சாமி படத்துக்கு முன் உட்கார்ந்துவிட்டாள். சின்னவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாலு மாடியையும் படியேறியே போனாள். சாப்பாட்டு நேரம், மேலே ஈ காக்கை இல்லை. மூலை மேஜையில் ஒருவர் மட்டும் திறக்காத சாப்பாட்டு டப்பாவை வெறித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்குச் சண்டைக்காரர் என்று பெயர். ஆள் எறும்பை மிதித்தாலும் வருத்தப்படுகிற ரகம். பாழ்மனையில் வரும் சண்டைகளுக்கு விதி எழுதுவது அவர் வேலை, அதனால் அந்தப் பெயர்.

அக்காவின் அதே சாயலில் வந்து நின்ற சின்னவளைப் பார்த்ததும் பேயறைந்தது போலானார்.

“அக்கா எப்படிம்மா இருக்காங்க?”

“செத்துக்கிட்டு இருக்கா. அவ கடைசியா எழுதிக் கொடுத்த தப்பு எங்க சார்?”

சண்டைக்காரர் திருதிருவென்று விழித்தார். ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். சின்னவள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவர் மறுபேச்சு பேசாமல் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

அக்காவின் எழுத்து. ‘எதிரிகள் பட்டியலில் இல்லாத ஒருவன் வருகிறான். முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறான், திரும்புவதில்லை. முதுகுக்காரன் என்று வைத்துக்கொள்கிறேன். இவனைச் செய்தது யார்?’

கீழே சண்டைக்காரரின் பதில். ‘நாங்கள் ஆடிப் பார்த்ததில் மறுபடி நிகழவில்லை. புகார் மூடப்பட்டது.’

“நெஜமாவே ஆடிப் பாத்தீங்களா?”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினார். ஒரு கரிய கோடு.

“கூடவே ஆடினேம்மா. ரெண்டு பேரா ஆடுற ஆட்டம். அவங்க ஒண்ணாவது ஆள், நான் ரெண்டாவது ஆள். எங்க பசங்க யாரோ வெளையாட்டுக்குச் செருகி வச்சிருக்காங்கன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தோம். எடுத்த எடுப்புலயே அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு விழுந்துச்சு. ஸ்கிரீன்ல இல்ல... இங்க. நான்...”

“நீங்க?”

“ஓடிட்டேன். ‘ஓடு’ன்னு ஒரு பொத்தான் இருக்கு. கூட ஒரு ஆளாவது நின்னாதான் அது வேலை செய்யும். நிக்கிறவங்க வெளிய வர முடியாது. நான் எழுதின விதிதான்.”

அடப்பாவி மனுஷா!

சின்னவளுக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாமா என்று இருந்தது. பிடித்து என்ன ஆகப் போகிறது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த விதியெல்லாம் எனக்குச் சொல்லுங்க. லிப்ட்காரிக்குப் புரியிற மாதிரி.”

அவர் சொன்னார். விதி ரொம்பச் சின்னது. ஒரு சுற்றில் ஒன்றுதான் செய்யலாம், அடிக்கலாம் அல்லது தடுக்கலாம். மணி ஒலித்ததும் தடுப்புப் பொத்தானை அழுத்தினால் அடி விழாது. அடித்தால் ஓர் அடி திருப்பி வாங்கியே ஆக வேண்டும். யார் அடித்தார்களோ அவர்களைத்தான் அது திருப்பி அடிக்கும். யாரும் அடிக்காவிட்டால், நிற்பவரை அடிக்கும். அதற்கும் ஏழு கோடு.

“அப்ப அக்கா ஏன் திருப்பி அடிக்கல?”

“ஆரம்பத்துலயே ஒண்ணு போயிடுச்சேம்மா. ஆறுக்கு ஏழு. மாத்தி மாத்தி அடிச்சா அவங்கதான் முதல்ல விழுவாங்க. அதான் தடுத்துக்கிட்டே இருக்காங்க.”

சின்னவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். “புதுசா ஒருத்தி ஏழோட உள்ள வந்தா? முதல்ல அடிக்கிறது யாரு?”

“புதுசா வர்றவங்கதான்.”

“அப்ப நான் ஏழாவதை அடிக்கிறப்ப நான் வாங்கினது ஆறு. ஒண்ணு மிச்சம்.”

“கணக்கு சரிதாம்மா. ஆனா அது என் விதிப்படிதான் ஆடும்னு...”

“அறையத் திறங்க சார்.”

ஆடிப் பார்க்கும் அறையை அவர் அன்றே பூட்டிவிட்டிருந்தார். ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே கையை நீட்டினால் கை தெரியவில்லை. நனைந்த சாக்கை நாள் கணக்கில் மூலையில் போட்டு வைத்தது போல ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கி மூன்று வாரம் ஆகிறது. ஒயர் தரையில் சுருண்டு கிடந்தது.

திரை எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நீண்ட வராந்தா. இந்தப் பக்கம் மண்டியிட்டபடி ஒரு சிறிய உருவம், தலைக்கு மேல் ஒரே ஒரு கோடு. அந்தப் பக்கம் கூரை முட்ட ஓர் உயரமான முதுகு. தலைக்கு மேல் ஏழு.

சண்டைக்காரர் வாசற்படியைத் தாண்டவில்லை. சின்னவள் அம்மாவுக்குப் போன் போட்டு மேஜையில் வைத்தாள்.

“அம்மா, அக்கா விரலையே பாத்துக்கிட்டு இரு. என்ன நடந்தாலும் போனை வைக்காத.”

“என்னடி பண்ணப் போற?” என்றாள் அம்மா. “சின்னது, இங்க என்னமோ மணிச் சத்தம் கேக்குதுடி.”

“கேக்கட்டும்.”

இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தாள். ஐஸ் கட்டியாகச் சில்லிட்டிருந்தது. திரையில் எழுத்து வந்தது. ‘இரண்டாம் ஆட்டக்காரர் இடம் காலி. சேர்கிறீர்களா?’

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அக்காவின் தோள் கண் முன் வந்தது. வந்தது வரட்டும் என்று அழுத்தினாள்.

முதல் அடி அவளுடையது. ஓங்கிப் போட்டாள். அந்த உயரமான உருவத்தின் தலைக்கு மேல் ஒரு கோடு அணைந்தது.

மணி ஒலித்தது.

உயரமான முதுகு திரும்பவில்லை. ஒரு கை மட்டும் பின்பக்கமாக மடிந்து, மடிந்து, மடிந்து வந்தது. சின்னவளின் தோளில் இடி இறங்கியது. நாற்காலியோடு பின்னால் போனாள். வாயில் ரத்தச் சுவை.

“விரல் நின்னுடுச்சுடி!” போனில் அம்மா அலறினாள். “அக்கா விரல் நின்னுடுச்சு. கோடு விழல!”

“அதான் வேணும். பாத்துக்கிட்டே இரு.”

இரண்டாவது. அடுத்த சுற்றுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், அதுதான் கொடுமை. அந்த ஒரு நிமிடமும் நாற்றம் கூடிக்கொண்டே வந்தது. மூன்றாவதில் கண் இருண்டது. நாலாவது அடியை வாங்கியபோது அவள் கேட்காமலே திரையில் ஒரு பொத்தான் மின்னத் தொடங்கியது.

‘ஓடு.’

“ஓடிடும்மா!” வாசலிலிருந்து சண்டைக்காரர் கதறினார். “அது உங்களை விடுது. ஓடிடுங்க!”

“நீங்க ஓடினது போதும் சார். ரெண்டு பேருமா சேந்து அன்னிக்கே ஆளுக்கு நாலு போட்டிருந்தீங்கன்னா, எங்க வீட்ல மூணு வாரமா யாரும் அழுதிருக்க மாட்டோம்.”

ஐந்தாவது அடி கொடுத்தாள், ஐந்தாவது வாங்கினாள். இடது கை தூக்க வரவில்லை. வலது கை போதும்.

அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வோர் அடிக்கும் அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. இப்போது ஒரு காது தெரிந்தது. கன்னத்தின் ஓரம் தெரிந்தது.

ஆறு. வாங்கியதும் ஆறு.

அவள் தலைக்கு மேல் ஒரு கோடு. அதன் தலைக்கு மேலும் ஒரு கோடு.

அது திரும்பியது.

சின்னவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “உன் மூஞ்சி எனக்கு வேண்டாம்டா. பொத்தான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

மூச்சு ஒன்று அவள் நெற்றியில் பட்டது. ஈரமாக இருந்தது. பின்னால் சண்டைக்காரர் விழும் சத்தம் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாவது அடியை அடித்தாள்.

மணி ஒலிக்கவில்லை.

போனில் அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் மூன்று வாரமாகக் கேட்காத ஒரு குரல், கரகரவென்று.

“அம்மா... பசிக்குதும்மா.”

சின்னவள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு கோடும் வலிக்க வலிக்க, வாய்விட்டு அழுதாள். கண்ணைத் திறந்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. திரையின் நடுவில் ஒரு வரி மட்டும் இருந்தது. ‘எதிரி ஓடிவிட்டான்.’

சண்டைக்காரர் சுவரைப் பிடித்து எழுந்து வந்து அதைப் படித்தார். “எதிரி ஓடுறதுக்கு வசதியே நாங்க வைக்கலயே...”

“என்ன பாத்தீங்க சார்? அதோட மூஞ்சி?”

அவர் தலையை ஆட்டினார். அதை மட்டும் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. சின்னவளுக்கு வேறொன்று உறைத்தது.

“கூட ஒரு ஆளாவது நின்னாதானே ஓட முடியும்னீங்க? அப்ப அது கூட நின்னது யாரு சார்?”

திரை தானாக அணைந்தது.

சின்னவள், இந்த வலியோடு படியிறங்க முடியாது என்று லிப்டுக்குள் போய், தரைத்தளம் அழுத்தினாள். கதவு மூடவில்லை. மேலே சிவப்பு விளக்கு எரிந்து கீங் கீங் என்று கத்தத் தொடங்கியது. ஆட்கள் அதிகமானால் வரும் சத்தம் அது. எட்டுப் பேர் ஏறுகிற லிப்ட். அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள்.

பதினோரு வருட வேலையில் அந்தச் சத்தம் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

நனைந்த சாக்கு நாற்றம் நாலு பக்கமும் நெருக்கியது. சின்னவள் அசையாமல் நின்றாள். அக்காவுக்கு இப்போதுதான் ஒரு வாய் உள்ளே போயிருக்கும். இந்தக் கூட்டத்தை வீட்டுக்குக் கூட்டிப் போவதா?

“என் கூட வர்ற வேலையெல்லாம் வச்சுக்காதீங்க,” என்றாள் மெதுவாக. “ஏழு அடி வேணும்னா சொல்லுங்க, நானே வந்து தர்றேன்.”

வெளியே வந்தாள். பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவை மூடிப் பூட்டினாள். பக்கத்துப் பெட்டியைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தினாள். சத்தம் அடங்கியது. ‘பழுது’ என்ற பலகையை மாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள்.

மூன்றாவது மாடியில் லிப்டுக் கதவுக்கு மேல் எண் எரிந்தது. மூன்று.

இரண்டாவது மாடியில் இரண்டு.

ஒன்றில் ஒன்று.

தரைத்தளத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார். “என்னம்மா, சரியாயிடுச்சா?”

சின்னவள் லிப்டுக்கு நேரே போய்க் காலை அகட்டி நின்றாள். முழங்கை வரை வலித்தது. இருந்தாலும் வலது கையை முஷ்டியாக்கிக்கொண்டாள்.

“திற பாக்கலாம்.”

கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே ஏதோ நிறைய கால்கள் இடம் மாறி நிற்பது போலக் கேட்டது. பிறகு எண் ஏறத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நாலே மாடிதான் அந்தக் கட்டடம். எண் ஐந்தைக் காட்டி நின்றது.